டேங்க் சுவர் அசையும், குழாய்க்கு இடம் விடுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, சென்னையில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில், குழாய்களின் தகைவுப் பகுப்பாய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு கச்சா எண்ணெய் டேங்க். விட்டம் 40 மீட்டர், எண்ணெய் நிற்கும் உயரம் 14 மீட்டர், சுவரின் அடிவரிசைத் தகடு 18 மி.மீ. தடிமன். வெளியேறும் குழாய் 20 அங்குலம். நாசிலின், அதாவது சுவரில் குழாய் இணையும் வாயின், மையம் அடித்தகட்டிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முதல் சப்போர்ட் 5 மீட்டர் தள்ளி வருகிறது. டேங்க் வடிவமைப்பாளர் எங்கள் நாசில் சுமைகளை ஏற்க முடியாது என்று இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பெல்லோஸ், அதாவது மடிப்புகளால் நெகிழும் குழாய்த் துண்டு, போட்டு வேலையை முடிக்கச் சொல்கிறார் எங்கள் மேலாளர். பக்கத்து இருக்கை நண்பரோ, டேங்க் சுவரின் அசைவைக் கணக்கில் சேர்த்ததால்தான் சுமை ஏறுகிறது, அதை எடுத்துவிடு என்கிறார். எடுத்துப் பார்த்தேன், உண்மையிலேயே எல்லாம் வரம்புக்குள் வந்துவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது? இது டேங்க்காரர்களின் பிரச்சினையா, எங்களுடையதா? அதே வளாகத்தில் பழைய டேங்குகள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் செய்ததாகத் தெரியவில்லை. நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் பக்கத்து இருக்கை நண்பரின் யோசனையை ஒதுக்கிவிடுவோம். கணினியிலிருந்து அசைவை எடுத்துவிடலாம், டேங்கிலிருந்து எடுக்க முடியாது. நாளை அந்த டேங்கில் 14 மீட்டர் உயரத்துக்கு எண்ணெய் ஏறும்போது சுவர் புடைக்கத்தான் போகிறது, உங்கள் நாசிலும் அதோடு சேர்ந்து நகரத்தான் போகிறது. சுமை வரம்புக்குள் வந்தது போலத் தெரிந்த அந்த அறிக்கையை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். சரியான விடை உங்களிடம் முதலிலேயே இருந்தது. அது பிடிக்காத விடை, அவ்வளவுதான்.

நீங்கள் எண்களைத் தந்திருப்பதால் அவற்றை வைத்தே பேசுகிறேன். எண்ணெய் டேங்குகளுக்கான அமெரிக்கத் தரநூலான ஏ.பி.ஐ. 650-இன் 'P' பின்னிணைப்பில், சுவரின் அசைவுக்கு இரண்டு சூத்திரங்கள் உள்ளன. ஒன்று நாசில் எவ்வளவு வெளியே தள்ளப்படும் என்று சொல்கிறது, மற்றது எவ்வளவு சாயும் என்று சொல்கிறது. அந்தப் பின்னிணைப்பை 36 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள டேங்குகளுக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள், அதுவும் வாங்குபவர் கேட்டால்தான். உங்கள் டேங்க் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. வாங்குபவரின் தரவுத்தாளில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். டேங்க்காரர் எந்த முறையில் சுமைகளைச் சரிபார்க்கிறார் என்பதே பல திட்டங்களில் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

கச்சா எண்ணெயின் ஒப்படர்த்தியை 0.85 என்று வைத்துக்கொண்டால், உங்கள் நாசில் எண்ணெய் நிறையும்போது சுமார் 11 மி.மீ. வெளியே வரும். சாய்வு 0.0086 ரேடியன், ஏறக்குறைய அரை டிகிரி. அரை டிகிரிதானே என்று பலரும் கடந்து போவது இங்கேதான். அடித்தகடு சுவரின் காலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே உள்ள சுவர் வெளியே புடைக்கிறது. ஆகவே அடியோரத்தில் இருக்கும் நாசிலின் முகம் தரையை நோக்கிக் குனிகிறது. குழாயை யாரும் தாங்காவிட்டால், அந்த அரை டிகிரி 5 மீட்டர் தூரத்தில் 43 மி.மீ. இறக்கமாக மாறும். ஆனால் அங்கே உங்கள் சப்போர்ட் நிற்கிறது. அது இறங்க விடாது.

அதனால் என்ன சுமை வரும்? 20 அங்குலக் குழாயின் தடிமன் 9.5 மி.மீ. என்று கொள்கிறேன். சுவரைச் சற்றும் வளையாத பாறை என்று வைத்துக்கொண்டால், சப்போர்ட் மேல்நோக்கித் தள்ளும் விசை 95 கிலோநியூட்டனைத் தாண்டும். நாசிலில் விழும் திருப்புத்திறன், அதாவது அதை வளைத்துத் திருப்பும் விசையின் அளவு, ஏறக்குறைய 480 கிலோநியூட்டன் மீட்டர். வால்வின் எடை ஒரு டன்னுக்கு மேல் என்று எல்லோரும் கவலைப்படுவார்கள். அந்த எடை நாசிலிலிருந்து 80 செ.மீ. தள்ளித் தொங்கினால் தருவது சுமார் 10 கிலோநியூட்டன் மீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாசிலை வருத்துவது வால்வின் எடை அல்ல, தவறான இடத்தில் அசையாமல் நிற்கும் சப்போர்ட்தான்.

சுவர் பாறை அல்ல. நாசில் பொருத்தப்பட்ட இடத்தில் அதுவும் கொஞ்சம் நெகிழும். அந்த நெகிழ்வையும் கணக்கில் சேர்த்தால் இந்த 480 பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு. நெகிழ்வைக் கணக்கிட அதே பின்னிணைப்பில், சுவர் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்று சொல்லும் மூன்று விறைப்பு எண்கள் இருக்கின்றன. ஒன்று நேராகத் தள்ளும் விசைக்கு, ஒன்று மேல்கீழாகத் திருப்பும் திறனுக்கு, ஒன்று பக்கவாட்டில் திருப்பும் திறனுக்கு. சீசர்-2 போன்ற குழாய்த் தகைவு மென்பொருள்களில் இதற்கான வசதி உள்ளே இருக்கிறது. நான் பார்க்கும் அறிக்கைகளில் பாதி ஒரு பக்கமாகவே தவறுகின்றன. சிலர் அசைவைக் கொடுத்துவிட்டு நெகிழ்வைக் கொடுப்பதில்லை, சுமை வானத்துக்குப் போகிறது. சிலர் நெகிழ்வைக் கொடுத்துவிட்டு அசைவை விட்டுவிடுகிறார்கள், சுமை தரையில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் முதல் அறிக்கையில் நெகிழ்வு சேர்ந்திருந்ததா என்று கடிதத்தில் இல்லை. சேர்க்காமல் இருந்தால், டேங்க்காரர் திருப்பி அனுப்பியதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

நெகிழ்வைச் சேர்த்தும் வரம்புக்குள் வரவில்லை என்றால் குழாயின் பாதையைத் தொடுங்கள். முதல் சப்போர்ட்டை 5 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு நகர்த்தினால், புடைப்பினால் வரும் திருப்புத்திறன் பாதியாகும், சப்போர்ட் தள்ளும் விசை கால்வாசியாகும். எண்ணெயோடு சேர்த்து இந்தக் குழாய் மீட்டருக்கு 280 கிலோ அளவில்தான் எடை போடும். 10 மீட்டர் இடைவெளியை அது தாராளமாகத் தாங்கும். எங்கோ ஒரு நிலையான வரைபடத்தில் நாசிலிலிருந்து சப்போர்ட் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பம்புக்கும் கம்ப்ரசருக்கும் எழுதிய அந்த வழக்கத்தைப் பெரிய டேங்குக்குக் கொண்டுவந்தவர்கள் யோசிக்காமல் செய்துவிட்டார்கள். வால்வுக்குக் கீழே, நாசிலிலிருந்து ஒரு மீட்டரில், கான்கிரீட் பீடத்தின் மேல் அசையாத சப்போர்ட் வைப்பதுதான் இதில் மிக மோசமான அமைப்பு. அங்கே தாங்கல் வேண்டுமென்றால் ஸ்பிரிங் சப்போர்ட் வையுங்கள்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுப்பும்போது அது நகராமல் இருக்கப் பூட்டும் தகடுகளோ ஊசிகளோ போட்டிருப்பார்கள். குழாயை நீர் நிரப்பிச் சோதித்து முடித்த பிறகு அவற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காத ஸ்பிரிங், ஸ்பிரிங் அல்ல. வண்ணம் பூசிய அந்தப் பூட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்து துருப்பிடித்திருப்பதைத் தளங்களில் பார்க்கலாம். உங்கள் வரைபடத்திலேயே, தொடங்குவதற்கு முன் பூட்டை நீக்குக என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. அதை மிகச் சிலரே யோசிக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. நாசிலின் உயரத்தை மாற்றுவது. சாய்வுச் சூத்திரத்தில் உயரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். உங்கள் டேங்கில் 600 மி.மீ. உயரத்தில் அரை டிகிரியாக இருக்கும் சாய்வு, ஏறக்குறைய 1,000 மி.மீ. உயரத்தில் பூஜ்யமாகிவிடுகிறது. சுவர் அங்கே நேராக வெளியே நகர்கிறது, குனிவதில்லை. வெளியே தள்ளும் அளவு 11-லிருந்து 13 மி.மீ.க்கு ஏறும், ஆனால் அதை ஒரு வளைவுள்ள குழாய் எளிதில் விழுங்கிவிடும். வெறும் 40 செ.மீ. உயர்த்தியதில் பெரிய தலைவலி தீர்ந்துவிடுகிறது.

வாங்குபவர் உடனே கேட்பார்: அடியில் 40 செ.மீ. எண்ணெயை உறிஞ்ச முடியாமல் போய்விடுமே? 40 மீட்டர் விட்டத்தில் அது சுமார் 500 கன மீட்டர். நியாயமான கேள்விதான். டேங்கின் உள்ளே நாசிலோடு கீழ்நோக்கி வளைந்த ஒரு முழங்கைத் துண்டைப் பொருத்தினால் அடி வரை உறிஞ்சலாம். இது புதிதல்ல, வெளியேற்றும் நாசில்களில் வழக்கமாகச் செய்வதுதான். மிதக்கும் கூரை இறங்கி நிற்கும் உயரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகடு வெட்டுவதற்கு முன் கேட்டால் டேங்க்காரர் ஒரு வரைபடத் திருத்தத்தோடு ஒப்புக்கொள்வார். நாசில் பற்றவைத்த பிறகு கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இந்தக் கேள்வியை இந்த வாரமே எழுப்புங்கள்.

அவரால் செய்யக்கூடியது வேறொன்றும் உண்டு. நாசில் இருக்கும் இடத்தில் மட்டும் தடித்த தகட்டைச் செருகலாம், அல்லது வலுவூட்டும் தகட்டைப் பெரிதாக்கலாம். ஆனால் அந்தத் தகடு 25 மி.மீ. தடிமனைத் தாண்டினால், 12 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள நாசில்களை முன்கூட்டியே பற்றவைத்து வெப்பத் தளர்வு, அதாவது சூடாக்கி உள்தகைவைப் போக்குவது, செய்ய வேண்டியிருக்கும். செலவும் நாட்களும் கூடும். அதனால் இதை இரண்டாம் வழியாகவே வைத்துக்கொள்வேன்.

இனி பெல்லோஸ். உங்கள் மேலாளர் கோபிக்கக் கூடாது, ஆனால் இதைக் கடைசி வழியாக வையுங்கள். இரு முனைகளையும் பிணைக்கும் கட்டுக்கம்பி இல்லாத பெல்லோஸைப் போட்டால், குழாயின் உள்ளே உள்ள அழுத்தம் அதன் இரு முனைகளையும் பிரித்துத் தள்ளும். 20 அங்குலத்துக்கு வெறும் 5 பார் அழுத்தமே போதும், 11 டன்னுக்கு மேல் உந்துவிசை நேராக நாசிலில் விழும். சுமையைக் குறைக்கப் போட்ட பொருளே அதைவிடப் பெரிய சுமையைக் கொண்டுவந்து சேர்க்கும். கட்டுக்கம்பி போட்ட பெல்லோஸில் அந்த உந்துவிசை அடங்கும். ஆனால் அப்போது அது நீள்வாக்கில் சுருங்காது, பக்கவாட்டில் மட்டும் நகரும். எந்தத் திசையில் எவ்வளவு அசைவு என்று தெளிவாக எழுதிக் கொடுக்காமல் பெல்லோஸ் வாங்கவே கூடாது. தவிர, அது மெல்லிய சுவர் கொண்ட பொருள். டேங்குக்கும் முதல் வால்வுக்கும் நடுவில் அதைப் போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்பதில்லை. அங்கே கிழிந்தால் மூடுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த இடத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில், இந்தியன் ஆயில் கிடங்கில் நடந்ததை நம் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. பெட்ரோல் டேங்கின் வெளிக்குழாயில் இருந்த, தகடு செருகிக் குழாயை அடைக்கும் ஹேமர் பிளைண்டு வால்விலிருந்து பெட்ரோல் பீறிட்டது. ஆவி சூழ்ந்துகொண்டதால் கிட்டே போய் மூட முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொட்டி, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், தீ பல நாட்கள் எரிந்தது. அதற்குக் காரணம் நாசில் சுமை அல்ல. ஆனால் டேங்கின் வாயருகே ஒரு வழி திறந்துகொண்டால், உள்ளே இருப்பது முழுவதும் வெளியே வரத் துடிக்கும் என்பதை அது காட்டியது. உங்கள் நாசிலின் பற்றவைப்பில் விழும் ஒரு விரிசலுக்கும் அதே டேங்க்தான் பின்னால் நிற்கிறது.

அடுத்து, நீங்கள் கேட்காதது ஒன்று: அடித்தளம் இறங்குவது. கடலோரக் களிமண்ணில் நிற்கும் டேங்குக்கு இதுவே புடைப்பை விடப் பெரிய விஷயமாகிவிடும். குழாயை இணைத்த பிறகு டேங்க் 50 மி.மீ. இறங்குகிறது, சப்போர்ட்டின் பீடம் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் இடைவெளியில், சுவரைப் பாறையாகக் கொண்ட அதே கணக்குப்படி, திருப்புத்திறன் 550 கிலோநியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. புடைப்பும் இறக்கமும் ஒன்றையொன்று சமன்செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிலும் சப்போர்ட் குழாயை மேலே தள்ளுகிறது, இரண்டும் கூடும். நல்ல செய்தி, இறக்கத்தினால் வரும் திருப்புத்திறன் இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10 மீட்டருக்குப் போனால் கால்வாசிதான்.

ஆகவே டேங்கை நீர் நிரப்பிச் சோதிக்கும்போது குழாய் இணைந்திருக்கக் கூடாது. நீர் எண்ணெயை விடக் கனம், மண் அப்போதுதான் முதலில் நன்றாக அமுங்கும். அந்த இறக்கம் நடந்து முடிந்து, சுற்றிலும் மட்டம் எடுத்துக் குறித்துக்கொண்ட பிறகு, கடைசித் துண்டை அளந்து வெட்டி இணைக்க வேண்டும். இதைக் கட்டுமான அட்டவணையிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் குழாய்ப் பிரிவினர் தங்கள் முன்னேற்றச் சதவீதத்துக்காக முன்பே போல்ட்டை முடுக்கிவிடுவார்கள். மண்ணாய்வாளரிடம் கேட்க வேண்டிய எண் மொத்த இறக்கம் அல்ல. சோதனைக்குப் பிறகு மிச்சமிருக்கும் இறக்கம் எவ்வளவு, அதில் டேங்குக்கும் முதல் சப்போர்ட்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வேறுபாடு அதிகமென்றால், முதல் சப்போர்ட்டின் பீடத்தை டேங்க் அடித்தளத்தோடு சேர்ந்தே இறங்கும்படி அமைக்கலாம். அல்லது உயரத்தை மாற்றக்கூடிய திருகுச் சப்போர்ட் போட்டு, ஆண்டுதோறும் சரிசெய்யும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதலாம்.

அடித்தளம் ஒரு பக்கமாக இறங்குவதை அலட்சியம் செய்ததன் விலையை ஜப்பான் 1974 டிசம்பரில் கொடுத்தது. மிசுஷிமா சுத்திகரிப்பு ஆலையில் ஒரு டேங்கின் அடிப்பகுதி கிழிந்து, ஆயிரக்கணக்கான கிலோலிட்டர் எண்ணெய் செட்டோ உள்நாட்டுக் கடலில் கலந்தது. அந்நாட்டின் டேங்க் விதிகள் கடுமையானதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நிலநடுக்கத்துக்கும் ஒரு வரி: நங்கூரம் போடாத, அதாவது அடித்தளத்தோடு போல்ட்டால் பிணைக்காத, டேங்கின் விளிம்பு தூக்கப்படும் நிலை வந்தால், குழாய் 100 மி.மீ. மேல்நோக்கிய அசைவைத் தாங்க வேண்டும் என்கிறது ஏ.பி.ஐ. 650. நங்கூரம் போட்டிருந்தால் 25 மி.மீ. உங்கள் டேங்க் எந்த வகை என்று கேட்டு அந்த நிலையையும் சேருங்கள்.

நிலைகளைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். டேங்க் நிறைந்து, குழாய் வெயிலில் சூடேறிய நிலை ஒன்று. இதில் குழாய் நீண்டு டேங்கை நோக்கித் தள்ளும், சுவர் குழாயை நோக்கித் தள்ளும். உங்கள் குழாய் நேராக 60 மீட்டர் ஓடி, அதை நகரவிடாத ஒரு பிடியில் முடிந்தால், 40 டிகிரி வெப்ப ஏற்றத்துக்கு அது 29 மி.மீ. நீளும். சுவரின் 11 மி.மீ.யும் சேர்ந்து 40 மி.மீ. சுருங்க இடமில்லாமல் நாசிலைக் குத்தும். டேங்குக்கு முன் ஒரு முறையாவது குழாய் செங்கோணமாகத் திரும்பட்டும். டேங்க் காலியாக இருந்து, எடை மட்டும் நாசிலில் தொங்கும் நிலை இன்னொன்று. இறக்கம் முழுவதும் நடந்து முடிந்த நிலை மூன்றாவது. டேங்க் நிறைந்த நிலையில் வரும் திருப்புத்திறனும் காலி நிலையில் வருவதும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள்.

டேங்க்காரர் கொடுக்கும் அனுமதி அட்டவணையையும் ஒரு முறை சந்தேகத்தோடு படியுங்கள். நேர் விசைக்கு ஒரு எண், மேல்கீழ்த் திருப்புக்கு ஒரு எண், பக்கவாட்டுத் திருப்புக்கு ஒரு எண் என்று தனித்தனியாக எழுதியிருப்பார். அந்த மூன்றும் ஒரே நேரத்தில் முழு அளவில் வரலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஒன்று கூடினால் மற்றதற்கு இடம் குறையும். பின்னிணைப்பில் உள்ள இரண்டு வரைபடங்கள் அதற்காகவே இருக்கின்றன. ஒன்று நேர் விசையையும் மேல்கீழ்த் திருப்பையும், மற்றது நேர் விசையையும் பக்கவாட்டுத் திருப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. உங்கள் ஒவ்வொரு நிலையின் எண்களையும் அந்த வரைபடங்களில் புள்ளிகளாக வைத்து, இரண்டு புள்ளிகளும் எல்லைக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் மீறுவது போலத் தோன்றியது, சேர்த்துப் பார்த்தால் உள்ளே விழுவதும் உண்டு. தனித்தனியே தேறியது சேர்ந்து மீறுவதும் உண்டு.

யாருடைய பிரச்சினை என்று கேட்டீர்கள். இருவருடையதும். குழாய் வடிவமைப்பவரும் டேங்க் வடிவமைப்பவரும் ஒருங்கிணைந்து வேலை செய்ய வேண்டும் என்று தரநூலே சொல்கிறது. கடிதம் அனுப்பி, கடிதம் திருப்பி வாங்கி ஆறு வாரம் போக்குவதை விட, இரண்டு பேரும் ஒரு மேசையில் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். நாசில் உயரம், சப்போர்ட் இடம், தகட்டுத் தடிமன், மிச்ச இறக்கம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் மேலாளரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் பெல்லோஸ் கேட்டது அவசரத்தினால்தான் இருக்கும்.

பழைய டேங்குகளுக்கு வருகிறேன். கணக்கு இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். டேங்க் ஏறக்குறைய நிறைந்திருக்கும் நாளில் போங்கள், காலியாக இருக்கும் இன்னொரு நாளிலும் போங்கள். முதலில் நாசிலைப் பார்க்காதீர்கள், சப்போர்ட்டுகளைப் பாருங்கள். டேங்க் நிறைந்து நாசில் குனியும்போது, குழாய் முதல் சப்போர்ட்டின் மேல் அழுந்தி, அதற்கப்பால் ஏற்றமரத்தின் மறுமுனை போல மேலே எழும். கடலோரக் கிடங்கொன்றில் இரண்டாவது சப்போர்ட்டின் ஷூவுக்கு, அதாவது குழாயின் அடியில் பொருத்திய தாங்கு காலுக்கு, கீழே ஒரு மெல்லிய தகட்டை நுழைத்து மறுபக்கம் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே குழாய் எதன் மேலும் உட்காரவில்லை. முதல் சப்போர்ட்டின் ஷூவிலோ பெயின்ட் நசுங்கி, இரும்பு பளபளவென்று தெரிந்தது. அந்த ஜோடியைப் பார்த்தால் நாசிலில் பெரிய சுமை இருக்கிறது என்று எழுதிவிடலாம்.

இடைவெளியைக் கண்ட பராமரிப்பு ஆட்கள், உடனே அதில் தகட்டுத் துண்டுகளை அடித்து நிரப்பிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் ஆபத்தானது. டேங்க் நிறைந்த நாளில் இரண்டாவது சப்போர்ட்டை அப்படி உயர்த்திவிட்டால், டேங்க் காலியாகும் நாளில் குழாய் முதல் சப்போர்ட்டை விட்டு மேலே எழுந்துவிடும், வால்வோடு சேர்த்து முழு எடையும் நாசிலில் தொங்கும். எந்த அளவு எண்ணெயில் சப்போர்ட் சரிசெய்யப்பட்டது என்று பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுக்கடுக்காகப் பல தகடுகள் செருகியிருந்தால், அந்த டேங்க் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

அதன் பிறகு நாசிலுக்கு வாருங்கள். வலுவூட்டும் தகட்டின் வெளி ஓரத்துப் பற்றவைப்பை, முக்கியமாக மேல் உச்சியிலும் கீழ் உச்சியிலும், பெயின்டை நீக்கி, விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தத் தகட்டில் உள்ள சிறு கசிவுத் துளையைக் கிரீஸோ பெயின்டோ அடைத்திருந்தால் திறந்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளே பற்றவைப்பு விரிந்தால் முதலில் ஈரம் காட்டுவது அதுதான். சுவரில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, நாசிலைச் சுற்றிச் சுவர் உள்வாங்கியோ புடைத்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பராமரிப்புக்காக டேங்கைக் காலி செய்து, வாயு நீக்கி, நாசில் ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்ட இணைப்பு விளிம்பை, கழற்றும் நாள் வந்தால் அதைத் தவறவிடாதீர்கள். குழாயைச் செயின் பிளாக்கில் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் தெறித்து நகரும் குழாய் ஆளை அடித்துவிடும். தளர்ந்தபின் இரண்டு முகங்களும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்து எழுதுங்கள். புதிதாக இணைக்கும்போது முகத்தின் குறுக்கே 200 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்வும், போல்ட் துளைகளில் 3 மி.மீ. விலகலும்தான் ஏ.எஸ்.எம்.இ. பி31.3 என்ற குழாய்த் தரநூல் அனுமதிக்கும் வரம்பு. உங்கள் அளவு அதைவிடப் பல மடங்கு இருந்தால், அந்தக் குழாயை மறுபடி இழுத்து முடுக்க விடாதீர்கள். ஒரு துண்டை வெட்டி, புதிய அளவுக்கு மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் அடித்தளத்தின் மட்டத்தையும் எடுத்து, டேங்க் கட்டிய நாளின் அளவோடு ஒப்பிட்டு, இன்னும் எவ்வளவு இறங்கும் என்று மண்ணாய்வாளரிடம் கேட்டு, அதற்கேற்ப முதல் சப்போர்ட்டின் இடத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.